மூளை ஸ்கேனா, வீட்டாரின் நினைவா: இருமுனைக் கோளாறை எதை வைத்துக் கண்டறிவது?

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுவரும் ஒருவரைப் பற்றி, "இது வெறும் மனச்சோர்வாக இல்லாமல் பைபோலாராகவும் இருக்கலாம்" என்று மருத்துவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அன்றிரவு அந்த வீட்டில் யாரும் தூங்குவதில்லை. மறுநாள் எழும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா? என் தம்பிக்குப் பைபோலார் என்கிற இருமுனை மனநிலைக் கோளாறு, அதாவது மனம் சில காலம் அளவுமீறி மேலேறியும் சில காலம் தாழ்ந்தும் போகிற நோய், இருப்பதை அறிந்தவர்கள், கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் என்னிடம் இதைக் கேட்கிறார்கள். நான் மருத்துவர் அல்ல. தம்பியோடு பல ஆண்டுகள் மருத்துவமனை வராந்தாக்களில் காத்திருந்தவள். இந்த ஸ்கேன் கேள்விக்கு விடை தேடி ஆய்வுகளை உட்கார்ந்து படித்தவள். அந்த இரண்டையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட குடும்பத்தின் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. மூளையைப் படம் எடுப்பது ஒன்று. நோயாளியே நிரப்பும் கேள்வித்தாள் இன்னொன்று. வீட்டாரையும் உட்காரவைத்து மனநல மருத்துவர் பழைய கதை முழுவதையும் கேட்பது மூன்றாவது. இப்போதைக்கு மனச்சோர்வு என்றே எடுத்துக்கொண்டு மருந்து கொடுத்து, போகப் போகப் பார்ப்பது நான்காவது. இவற்றில் முதலாவதற்குத்தான் குடும்பங்கள் பணம் தேடுகின்றன. மூன்றாவதற்கு நேரம் தேட வேண்டும் என்பது என் கட்சி.

எங்கே தவறு நேர்கிறது

இருமுனைக் கோளாறு உள்ளவர் உதவி தேடி வருவது பெரும்பாலும் தாழ்ந்து கிடக்கும்போதுதான். எழ முடியவில்லை, அழுகை வருகிறது, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்கிறார். சாதாரண மனச்சோர்வு உள்ளவரும் இதையேதான் சொல்கிறார். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இருவரையும் பிரித்துப் பார்ப்பது தேர்ந்த மருத்துவருக்கே கடினம். வேறுபாடு இருப்பது அவர்களுடைய கடந்த காலத்தில். ஒருவருக்கு, மேலே ஏறிய காலம் என்று ஒன்று இருந்திருக்கிறது: தூக்கம் குறைந்தும் களைக்காத, பேச்சு நிற்காத, திட்டம் மேல் திட்டமாகப் பெருகிய சில நாட்களோ வாரங்களோ. அது முற்றி, வேலையும் குடும்பமும் சிதைகிற அளவுக்குப் போனால் மேனியா. அவ்வளவு தூரம் போகாமல் நின்றால் ஹைப்போமேனியா. மேனியாவுக்கு ஒரு வாரம், ஹைப்போமேனியாவுக்குத் தொடர்ந்து நான்கு நாட்கள் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு.

சிக்கல் என்னவென்றால், அந்தக் காலத்தை நோயாளி நோயாக நினைப்பதே இல்லை. "என் வாழ்க்கையிலேயே நான் நன்றாக இருந்தது அப்போதுதான்" என்பார். ஆகவே மருத்துவரிடம் அதைச் சொல்வதில்லை. அமெரிக்காவில் இந்த நோயாளிகளின் சங்கம் ஒன்று 2000ஆம் ஆண்டு நடத்திய கணக்கெடுப்பில், 69 சதவீதம் பேருக்கு முதலில் வேறு நோயின் பெயரே சொல்லப்பட்டிருந்தது. அப்படித் தவறாகச் சொல்லப்பட்ட நோய்களில் முதலிடம் மனச்சோர்வுக்கு. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் சரியான பெயர் கிடைக்கப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ காத்திருந்தார்கள்.

காத்திருக்கும் காலத்தில் தவறான மருந்து போகிறது என்பதே கவலை. மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியே கொடுத்தால், இருமுனைக் கோளாறு உள்ள சிலருக்கு அது மேனியாவைக் கிளப்பிவிடும். அவர்களுக்குத் தேவை லித்தியம், குவெட்டியபின், லமோட்ரிஜின் போன்ற வேறு வகை மருந்துகள். அந்த மருந்துகளோடு மனச்சோர்வு மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் பலன் உண்டா என்று 366 பேரை வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்கள் ஒன்றும் அதிகமாகத் தேறிவிடவில்லை. நோயின் பெயர் மாறினால் மருந்துச்சீட்டே மாறும் என்பதால்தான் இந்தப் பிரித்தறிதலுக்கு இத்தனை அவசரம்.

ஸ்கேன் என்ன சொல்கிறது

ஸ்கேனை நம்புகிறவர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை, எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே. மனநோய்க்கு மட்டும் ஏன் கையில் பிடித்துக் காட்ட எதுவும் இல்லை என்ற ஏக்கம் நியாயமானது. அதிலும் நம் ஊரில் ஒரு கூடுதல் காரணம் இருக்கிறது. "சோம்பேறித்தனம்", "நடிப்பு", "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று பேசும் உறவினர்களின் வாயை அடைக்க ஒரு ஃபிலிம் கையில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நானும் ஆசைப்பட்டிருக்கிறேன்.

இரண்டு நோய்களிலும் மூளையில் மாற்றங்கள் இருப்பது உண்மை. உலகின் பல ஆய்வு மையங்கள் தங்கள் எம்.ஆர்.ஐ. படங்களை ஒன்றாகச் சேர்க்கும் எனிக்மா என்ற கூட்டமைப்பு, 1,710 இருமுனை நோயாளிகளையும் நோயில்லாத 2,594 பேரையும் ஒப்பிட்டு 2016இல் முடிவு வெளியிட்டது. நோயாளிகளின் சராசரியில், நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் பகுதி சற்றுச் சிறியது, மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸ் பகுதியும் சிறியது, மூளையின் நடுவில் உள்ள நீர்க்குழிகள் சற்றுப் பெரியவை. அதே கூட்டமைப்பு மனச்சோர்வு உள்ள 1,728 பேரைப் பார்த்தபோதும் ஹிப்போகேம்பஸ் சிறிதாகவே இருந்தது. இரு நோய்களும் ஒரே இடத்தில் ஒரே திசையில் தடம் பதித்தால் அந்தத் தடத்தை வைத்து எப்படிப் பிரிப்பது?

'சராசரி' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். இரண்டு பள்ளிகளில் பத்தாம் வகுப்பு மாணவர்களின் உயரத்தை அளந்து, ஒரு பள்ளியின் சராசரி ஒரு சென்டிமீட்டர் அதிகம் என்று கண்டுபிடிக்கலாம். அதை வைத்துக்கொண்டு, திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிறுத்தத்தில் நிற்கும் ஒரு மாணவனைப் பார்த்து, அவன் எந்தப் பள்ளி என்று சொல்ல முடியாது. இரு கூட்டங்களின் அளவுகளும் அவ்வளவு தூரம் ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. 2022இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஆய்வு இதை எண்ணிலேயே காட்டியது. மனச்சோர்வு உள்ளவர், இல்லாதவர் என மொத்தம் 1,809 பேரைப் பல விதமாகப் படம் எடுத்துப் பார்த்ததில், இரு தரப்பின் அளவுகளும் 87 முதல் 95 சதவீதம் வரை ஒன்றாகக் கலந்திருந்தன. ஒரே ஓர் அளவை வைத்து ஆளைப் பிரித்தபோது கிடைத்த சரியான விடை 54 முதல் 56 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும். இது நோயாளியை நோயில்லாதவரிடமிருந்து பிரிக்கும் கணக்கு. நமக்குத் தேவையோ இதைவிடக் கடினமானது: இரண்டு நோயாளிகளை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரிப்பது.

அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் ஆய்வு 2014இல் வந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க், ஜெர்மனியின் மூன்ஸ்டர் ஆகிய இரு நகரங்களில், இருமுனை நோயில் தாழ்ந்த நிலையில் இருந்த 58 பேர், சாதாரண மனச்சோர்வில் இருந்த 58 பேர், நோயில்லாத 58 பேர் என எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டருக்குப் படங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். ஒரே நகரத்தின் படங்களுக்குள் பழக்கிச் சோதித்தபோது 79.3 சதவீதம் வரை சரியாகச் சொன்னது. ஒரு நகரத்தில் பழக்கி மற்ற நகரத்தின் படங்களைக் கொடுத்தபோது அதிகபட்சம் 69 சதவீதம். மதிப்பது ஏனென்றால், இந்த இரண்டாவது எண்ணையும் அவர்களே தேடிப் பார்த்து வெளியிட்டார்கள். மெஷின் மாறினால், படம் எடுக்கும் முறை மாறினால், ஊர் மாறினால் விடையின் தரம் இறங்குகிறது. எனிக்மா குழுவினர் 13 மையங்களைச் சேர்ந்த மூவாயிரத்துச் சொச்சம் பேரை வைத்து இருமுனை நோயாளிகளை நோயற்றவர்களிடமிருந்து பிரித்துப் பார்த்தபோதும் ஏறத்தாழ 65 சதவீதத்துக்கு மேல் போகவில்லை.

69 சதவீதம் என்பது பாஸ் மார்க் போலத் தோன்றும். வெள்ளைத் தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். மனச்சோர்வோடு வரும் 100 பேரில் 20 பேருக்கு உண்மையில் இருமுனைக் கோளாறு என்று வைத்துக்கொள்வோம். சோதனை இரு பக்கமும் 69 சதவீதம் சரி. அந்த 20 பேரில் சுமார் 14 பேரைப் பிடிக்கும், 6 பேரை விட்டுவிடும். மீதி 80 பேரில் சுமார் 25 பேரை, நோய் இல்லாமலே இருமுனை என்று சொல்லும். ஆக, "உங்களுக்கு இருமுனை" என்ற முடிவோடு வெளியே வருகிற 39 பேரில் 25 பேருக்கு அது தவறு. ஸ்கேனே எடுக்காமல் எல்லோருக்கும் மனச்சோர்வுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் ஒருவர் 80 சதவீதம் சரியாகச் சொல்லியிருப்பார். அவர் ஒருவரையும் காப்பாற்றியிருக்க மாட்டார் என்பது வேறு. சரி விகிதம் என்ற ஒற்றை எண்ணை மட்டும் பார்த்து ஒரு சோதனையை நம்பக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்கு இன்னும் பெரிதாகப் படுவது வேறொன்று. அந்த 58 இருமுனை நோயாளிகளும் யார்? முன்பே மேனியா வந்து, மருத்துவர்கள் பேசிக் கேட்டு நோயைப் பெயரிட்டவர்கள். அந்தப் பெயரை வைத்துத்தான் கம்ப்யூட்டருக்குப் பாடம் நடந்தது. நம் வீட்டில் உட்கார்ந்திருப்பவரோ பெயர் தெரியாதவர். அநேகமாக ஹைப்போமேனியாவைத் தாண்டாதவர். அல்லது மேல்நிலை இனிமேல்தான் வரப்போகிறவர். அப்படிப்பட்டவரிடம் ஸ்கேன் இன்னும் தடுமாறவே செய்யும். மருந்தும் படத்தைக் குழப்புகிறது: லித்தியம் சாப்பிடுகிறவர்களின் மூளைச் சாம்பல்நிறப் பகுதி அதிக அளவுடன் தெரிகிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் ஆய்வுக்குழு 2012இலும், பின்னர் 2018இல் வெளியான மறுபார்வையிலும் சொன்னது ஒன்றே: மனநோயைக் கண்டறியப் பயன்படும் நிலைக்கு மூளைப் படங்கள் இன்னும் வரவில்லை. எம்.ஆர்.ஐ.க்கு மட்டுமல்ல, கதிரியக்கப் பொருளை ஊசியில் ஏற்றி எடுக்கும் ஸ்பெக்ட் ஸ்கேனுக்கும் இது பொருந்தும். தலையில் கம்பிகளை ஒட்டி 'மூளை மேப்பிங்' என்று வண்ண வண்ணமாக அச்சடித்துக் கொடுக்கும் இ.இ.ஜி.யை வைத்தும் இந்த இரண்டு நோய்களைப் பிரித்துச் சொல்லிவிட முடியாது.

'நார்மல்' என்ற ரிப்போர்ட் செய்யும் கெடுதல்

பணம் போவது மட்டும் என்றால் இவ்வளவு எழுத மாட்டேன். ஒரு எம்.ஆர்.ஐ.க்கு ஆகும் சில ஆயிரம் ரூபாய், கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்குப் பெரிய தொகை. ஆனாலும் எப்படியாவது புரட்டிவிடுவார்கள். கெடுதல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. என் தம்பியின் எம்.ஆர்.ஐ.யில் எதுவும் இல்லை. இருமுனைக் கோளாறு உள்ளவர்களின் சாதாரண எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் பெரும்பாலும் அப்படித்தான் வரும். "தலையில் ஒரு கோளாறும் இல்லை என்று ஸ்கேனிலேயே போட்டிருக்கிறது, பிறகு எதற்கு இத்தனை மாத்திரை?" என்று எங்கள் பெரியப்பா கேட்டார். தம்பி அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டான். மாத்திரையை நிறுத்தினான். அடுத்து வந்த மேல்நிலையில் கடையின் பெயரில் வாங்கிய கடனை நாங்கள் வெகுகாலம் அடைத்தோம்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. மூளையின் வெண்பகுதியில் சின்னச் சின்னப் புள்ளிகள் என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி இருந்துவிட்டால் அதுதான் நோய்க்குக் காரணம் என்று நரம்பியல் மருத்துவரைத் தேடி ஓடுகிறார்கள். அந்தப் புள்ளிகள் இருமுனை நோயில் கூடுதலாகக் காணப்படுவது உண்மைதான். வயதானாலும், ரத்த அழுத்தம் இருந்தாலும், ஒற்றைத் தலைவலி இருந்தாலும் அவை வரும்.

கேள்வித்தாள்: பணமில்லாத சோதனை

இதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இருமுனைக் கோளாறைச் சலித்தெடுக்க 2000ஆம் ஆண்டில் உருவான ஒரு கேள்வித்தாளில் ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 13 கேள்விகள் இருக்கின்றன. ஏழோ அதற்கு மேலோ ஆம் என்று வந்து, அவற்றில் பலவும் ஒரே காலத்தில் நடந்திருந்து, அதனால் வாழ்க்கையில் தொல்லையும் ஏற்பட்டிருந்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்று பொருள். மனநல மருத்துவமனைகளுக்கு வந்தவர்களிடம் முதலில் சோதித்தபோது, நோயுள்ளவர்களில் 73 சதவீதம் பேரைப் பிடித்தது. நோய் இல்லாதவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாக விலக்கியது. மேலே போட்ட அதே நூறு பேர் கணக்கில் வைத்தால், சுமார் 15 பேரைப் பிடித்து 8 பேரைத் தவறாகச் சொல்லும். ஒரு தாளும் பேனாவும் இருந்தால் நடக்கிற இந்தச் சோதனை ஸ்கேனைவிட மேல்.

ஆனால் இதே தாளைப் பொதுமக்களிடம் கொடுத்தபோது நோயுள்ளவர்களில் 28 சதவீதம் பேரைத்தான் பிடித்தது. சட்டென்று கொதித்துச் சட்டென்று அடங்கும் இயல்புள்ளவர்களையும் இது இருமுனைக்காரர்களாகக் காட்டிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நிரப்புகிறவர் நோயாளி. தன் உச்சக்கட்ட நாட்களைப் பொற்காலமாக நினைக்கிறவர், எந்தக் கேள்விக்கு ஆம் போடுவார்? கேள்வித்தாள் கதவைத் தட்டிப் பார்க்கும் வேலைக்கு உதவும். அதோடு அதை விட்டுவிட வேண்டும்.

வீட்டாரின் நினைவு

எங்கள் விஷயத்தில் முடிச்சு அவிழ்ந்தது தம்பி மனைவியின் வாயிலிருந்து. புதுச்சேரியில் ஒரு மூத்த மனநல மருத்துவர் தம்பியிடம், "எப்போதாவது வழக்கத்தைவிட மிகவும் உற்சாகமாக, தூங்காமல் இருந்த காலம் உண்டா?" என்று கேட்டார். "அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை சார், உழைத்தேன், அவ்வளவுதான்" என்றான் அவன். பிறகு அவர் தம்பியின் அனுமதியோடு அவன் மனைவியைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

"தானே புயலுக்குப் பிறகு ஒரு மாதிரி இருந்தார் டாக்டர். அதைக் குறை என்று சொல்ல முடியாது. ரொம்பச் சுறுசுறுப்பு."

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது கூரை இழக்காத தெரு இல்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் அடியோடு சாய்ந்தன. தம்பிக்கு இரும்புக் கடை. கூரைத் தகடும் ஆணியும் கேட்டு ஊரே வாசலில் நின்றது. அந்தச் சில வாரங்கள் எல்லோரும்தான் தூக்கமில்லாமல் உழைத்தோம். மருத்துவர் அதற்கு அடுத்த கேள்விக்குப் போனார்: மற்றவர்கள் ஓய்ந்த பிறகு இவர் ஓய்ந்தாரா? இல்லை. பொங்கல் முடிந்து, வியாபாரம் தணிந்து, கடைப் பையன்கள் பழைய நேரத்துக்கு வீட்டுக்குப் போகத் தொடங்கிய பிறகும் அவன் இரவு இரண்டு மணிக்குக் கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான். மூன்று மணி நேரம் தூங்கிவிட்டுத் துளி களைப்பில்லாமல் எழுந்தான். சிதம்பரத்தில் ஒரு கிளை, விருத்தாசலத்தில் ஒரு கிளை என்று முன்பணம் கொடுத்தான். நடுராத்திரியில் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினான். பேச்சுக்குள் நான் ஒரு வார்த்தை நுழைக்க முடியவில்லை. சித்திரையில் கவிழ்ந்தான். அதற்குப் பிறகுதான் முதன்முதலாக மருத்துவரிடம் போனோம். சோர்வை மட்டும் சொன்னோம்.

களைப்பில்லாத தூக்கக் குறைவு, சூழ்நிலை மாறிய பிறகும் தணியாத வேகம், வழக்கமான குணத்திலிருந்து விலகியது அடுத்தவர் கண்ணுக்கே தெரிந்தது: இந்த மூன்றும் அந்தக் கதைக்குள் இருந்தன. ஹைப்போமேனியா என்று சொல்வதற்கு, மாற்றம் மற்றவர்கள் பார்த்து உணரும்படி இருக்க வேண்டும் என்பது மருத்துவ விதியிலேயே இருக்கிறது. பார்த்தவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டுக் கேட்காமல் அந்த விதியை எப்படி நிரப்புவது?

மனச்சோர்வும் இருமுனை நோயும் வெவ்வேறு என்று 1966இல் மனநல மருத்துவர்களான ஜூல்ஸ் ஆங்ஸ்ட் சுவிட்சர்லாந்திலும் கார்லோ பெரிஸ் சுவீடனிலும் தனித்தனியே நிலைநாட்டியபோது எம்.ஆர்.ஐ. மெஷினே கிடையாது. குடும்பத்தில் யாருக்கு என்ன இருந்தது, நோய் ஆண்டுக்கணக்கில் எப்படிப் போனது என்பதை வைத்துத்தான் பிரித்தார்கள். இன்றும் மருத்துவர் கேட்பது அவற்றைத்தான். முதல் சோர்வு 25 வயதுக்கு முன்பே வந்ததா, திரும்பத் திரும்ப வந்து திடீரென்று விலகியதா, சோர்வின்போது தூக்கமும் பசியும் குறையாமல் கூடினவா, காதில் குரல் கேட்டதா, பிரசவத்துக்குப் பின் மனம் பேதலித்ததா, மாத்திரை தொடங்கியதும் தலைகீழாக மாறினாரா, ரத்த உறவில் யாருக்காவது இருமுனை நோய் உண்டா. இவற்றில் எந்த ஒன்றும் தனியே நோயை உறுதி செய்துவிடாது. சேரச் சேரத்தான் சந்தேகம் கனக்கிறது.

ரத்த உறவைப் பற்றிக் கேட்கும்போது நம் குடும்பங்கள் வாயடைத்துப் போகின்றன. பெண் கொடுத்த வீட்டில் தெரிந்துவிடுமே என்ற பயம். கிணற்றில் விழுந்த அத்தை, ஊரைவிட்டுப் போய் ஆறு மாதம் கழித்துத் திரும்பிய மாமா, சொத்தையெல்லாம் தானம் செய்யத் துணிந்த தாத்தா. இவர்களைப் பற்றி வீட்டில் மூத்த பெண்களுக்கு மட்டும் தெரிந்திருக்கும். தயவுசெய்து அதை மருத்துவரின் அறைக்குள்ளாவது சொல்லுங்கள். இந்த நோய் குடும்பத்தில் ஓடும் தன்மை மிக வலுவானது. மறைக்கும் ஒவ்வொரு அத்தையும் நோயாளிக்கு வேண்டிய ஒரு தடயம்.

நினைவு பிசகும் என்பது இந்த வழியின் பெரிய குறை. எந்த ஆண்டு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அதற்கு எங்களுக்கு உதவியது ஒரு நீளமான தாள். நடுவில் கோடு போட்டு, கோட்டுக்கு மேலே உற்சாகம், கீழே சோர்வு என்று வைத்துக்கொண்டோம். ஆண்டுகளைக் கேட்காமல் ஊர் நினைவில் ஊன்றியிருக்கும் நாட்களைக் கேட்டோம்: 2004 சுனாமி, 2011 தானே, 2015 மழைவெள்ளம், 2020 ஊரடங்கு. "சுனாமி வந்தபோது எப்படி இருந்தான்?" என்று கேட்டால் அம்மா உடனே சொல்கிறார். "வெள்ளத்துக்கு முன்பா பின்பா?" என்றால் தம்பி மனைவிக்குத் தெரிகிறது. இப்போது தொடங்குகிறவர்களுக்கு 2024 ஃபெஞ்சல் புயலும் இருக்கிறது. நிரம்பிய தாளைப் பார்த்த மருத்துவர் அதைத் தன் கோப்பிலேயே வைத்துக்கொண்டார். இப்படி வாழ்க்கையைக் கோடாக வரையும் முறையை உலகெங்கும் இந்தத் துறையினர் பயன்படுத்துகிறார்கள். நாங்கள் செய்தது புயல்களை ஆணியாக அடித்ததுதான்.

குறைகள் வேறும் உண்டு. தனியாக வாழ்கிறவருக்குச் சாட்சி சொல்ல ஆள் இல்லை. கணவன் மனைவிக்குள் பகை இருந்தால், சாதாரணக் கோபமும் மேனியாவாகச் சொல்லப்படும். மருந்து கொடுத்துப் பெண்ணை அடக்கிவைக்க இதைப் பயன்படுத்தும் வீடுகளும் இருக்கின்றன. அதனால் ஒருவரை மட்டும் கேட்காமல், பிறந்த வீட்டு மனிதர் ஒருவர், உடன் வேலை பார்த்தவர் ஒருவர் என்று இன்னொரு கண்ணும் வேண்டும். நோயாளியின் சம்மதமும் வேண்டும். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் இதற்கெல்லாம் நேரம் கிடைக்குமா என்பது நியாயமான கேள்வி. முதல் நாள் கிடைக்காது. தாளில் எழுதிக் கொண்டுபோனால் அடுத்த முறை கிடைக்கும். புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர், சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றில் மனநலத் துறை இருக்கிறது. பழைய மருந்துச்சீட்டுகளை வீசிவிடாமல் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். எந்த மாத்திரைக்குப் பிறகு என்ன ஆனது என்பது அவற்றில் இருக்கிறது.

மருந்து கொடுத்துப் பார்ப்பது

மேல்நிலை எதுவும் யாருக்கும் நினைவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் நடக்கும். நடப்பதில் தவறும் இல்லை. மனச்சோர்வோடு வருகிறவர்களில் அதிகம் பேருக்கு மனச்சோர்வுதான். ஆனால் பெயர் மாறக்கூடும் என்ற நினைப்போடு மருந்தைத் தொடங்க வேண்டும். ஆங்ஸ்ட் தன் நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில், மனச்சோர்வு என்று தொடங்கியவர்களில் ஆண்டுக்குச் சுமார் ஒரு சதவீதம் பேர் மேனியா உள்ள வகைக்கும், அரை சதவீதம் பேர் ஹைப்போமேனியா உள்ள வகைக்கும் மாறினார்கள். அந்த மாற்றத்தை முதலில் பார்க்கப் போவதும் வீட்டில் இருப்பவர்தான். மாத்திரை தொடங்கிய வாரங்களில் தூக்கம் குறைந்து பேச்சு கூடினால், குணமாகிவிட்டார் என்று மகிழ்ந்து அடுத்த மாதச் சந்திப்புக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். சாவைப் பற்றிப் பேசுகிறார் என்றால் இந்த ஒப்பீடு எதுவும் வேண்டாம்; நேரே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். நள்ளிரவில் யாரிடமாவது தமிழில் பேசி வழி கேட்க வேண்டுமென்றால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416.

ஸ்கேன் தேவைப்படும் இடம்

மருத்துவர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தால் மறுத்துவிடாதீர்கள். மனநோய் போலத் தோற்றம் காட்டும் மூளை நோய்கள் இருக்கின்றன. அவற்றை விலக்குவதில் எம்.ஆர்.ஐ.க்கு நிகர் இல்லை. ஐம்பது வயதைக் கடந்த பிறகு வாழ்க்கையில் முதன்முறையாகக் குணம் மாறினால், வலிப்பு வந்தால், கை கால் மரத்தால், தலைவலியோடு வாந்தி இருந்தால், இரு சக்கர வாகனத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிறகு மாற்றம் தொடங்கியிருந்தால், நினைவு தேய்ந்தால் ஸ்கேன் வேண்டும். குழந்தை பெற்ற சில நாட்களிலோ வாரங்களிலோ ஒரு பெண் தலைவலி, வலிப்போடு உளறத் தொடங்கினால் அது மூளையின் சிரைகளில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. தைராய்டு ரத்தப் பரிசோதனையும், ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்ற விசாரணையும் இதே வரிசையில் வரும்.

ஆய்வுக்காகப் படம் எடுத்துக்கொள்ள முடியுமா என்று ஒரு மருத்துவக் கல்லூரி உங்களைக் கேட்டால், மனம் இருந்தால் சம்மதியுங்கள். இந்தத் துறைக்கு ஆயிரக்கணக்கான படங்கள் தேவை. நம் ஊர் மனிதர்களின் படங்களும் அதில் இருக்க வேண்டும். அந்தப் படத்திலிருந்து உங்கள் வீட்டு நோயாளிக்கான முடிவு வராது என்பதை மட்டும் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இவை தவிர வேறெங்காவது உங்களை ஸ்கேனுக்கு அனுப்பினால் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "டாக்டர், இதில் எந்த நோய் இல்லை என்று உறுதி செய்யப் பார்க்கிறோம்?" கட்டி, ரத்தக் கசிவு, வலிப்பு என்று பதில் வந்தால் எடுங்கள். இருமுனையா மனச்சோர்வா என்று படத்திலேயே தெரிந்துவிடும் என்று பதில் வந்தால், அந்தப் பணத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அம்மாவையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு வேறொரு மனநல மருத்துவரிடம் போங்கள்.